அப்பச்சி போட்டிருந்த ருத்ராட்ச மாலை: நான் தினமும் போட்டுக்கொள்ள என்ன முறை?

புதுவயல் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பச்சி (என் அப்பா) தவறி, கருமாதியும் முடிந்துவிட்டது. அவர் கழுத்தில் எப்போதும் கிடந்த ருத்ராட்ச மாலையை ஆத்தா என் கையில் கொடுத்து, இனி நீ போட்டுக்கொள் என்கிறார்கள். ஐந்து முக மணிகள், சிவப்பு நூலில் கோர்த்தது. நூல் நைந்துபோயிருக்கிறது. இது தவிர அவர் ஜபம் செய்த 108 மணி மாலை ஒன்று சாமி அறையில் பையோடு அப்படியே இருக்கிறது.

எனக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இறந்தவர் மாலையை இன்னொருவர் போடக் கூடாது, கோயிலில் சேர்த்துவிடு என்கிறார் பெரியப்பா. போடலாம், ஆனால் போட்ட நாளிலிருந்து கவிச்சி தொடக் கூடாது என்கிறார் அம்மான். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றாவிட்டால் தோஷம் என்கிறான் ஒரு நண்பன். கழற்றினால்தான் தோஷம் என்கிறான் இன்னொருவன்.

நான் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கத் தவிட்டுத் தூசியும் வியர்வையும்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி எடுப்போம். அடிக்கடி யார் வீட்டுக் கேதத்துக்காவது (சாவு வீட்டுக்கு) போக வேண்டியிருக்கும். இந்த நிலைமையில் நான் எப்படிப் போட்டுக்கொள்வது? பயமுறுத்தல் வேண்டாம், முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கோட்டையூர்க்காரன் எழுதியது:

கறி சாப்பிடுகிறவர் ருத்ராட்சம் போடக் கூடாது. இதில் பேச ஒன்றுமில்லை. ஒன்று அதை விடுங்கள், இல்லை இதை விடுங்கள்.


பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் பெரியப்பா சொன்னதற்கு வருகிறேன். நம் நகரத்தார் வீடுகளில் கௌரிசங்கம் பார்த்திருப்பீர்கள். ருத்ராட்ச மணிக்கு மணி தங்கப் பூண் கட்டி, நடுவில் சுவாமியும் அம்பாளும் ரிஷபத்தின் மேல் இருக்கிற பதக்கம் வைத்த மாலை. சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றது) செய்துகொள்கிறவர் அதைப் போட்டுக்கொண்டுதான் மணையில் உட்காருவார். அந்த மாலை எங்கிருந்து வருகிறது? ஐயா (தாத்தா) போட்டது அப்பச்சிக்கு வரும், அப்பச்சி போட்டது மகனுக்கு வரும். பங்கு பிரிக்கும்போது கௌரிசங்கம் யார் பங்கில் என்று தனியாக உட்கார்ந்து பேசுகிற வீடுகள் உண்டு. இறந்தவர் மாலை ஆகாது என்று வைத்துக்கொண்டால் செட்டிநாட்டில் எந்தப் பெட்டகத்திலும் ஒரு கௌரிசங்கம் மிஞ்சாது. ஆகவே அப்பச்சி மாலையை மகன் போட்டுக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. அதுவும் ஆத்தாளே கையில் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் யாருடைய உத்தரவு வேண்டும்?

போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நூலை மாற்றி, மணிகளைச் சுத்தம் செய்து, ஒரு சோமவாரமோ பிரதோஷமோ பார்த்து உங்கள் நகரக் கோயிலுக்கு, அதாவது நகரத்தாரில் உங்கள் பிரிவுக்குரிய கோயிலுக்கு, கொண்டு போங்கள். இளையாற்றங்குடியோ வைரவன்பட்டியோ எதுவோ அங்கே. குருக்களிடம் கொடுத்தால் சுவாமி பாதத்தில் வைத்து எடுத்துத் தருவார். அதை வாங்கி, திருநீறு பூசி, ஐந்தெழுத்தைச் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய செலவோ ஹோமமோ தேவையில்லை.

ஜப மாலை விஷயம் வேறு. அதைக் கழுத்தில் போடவே கூடாது. கழுத்தில் போடுகிற மாலையைக் கழற்றி அதில் எண்ணி ஜபம் செய்வதும் முறையில்லை. நம்மவர்களில் ஆண்களுக்குப் பாதரக்குடி மடத்திலும் பெண்களுக்குத் துலாவூர் மடத்திலும் உபதேசம் என்பது நெடுநாள் வழக்கம். அப்பச்சி அந்த மாலையில் எந்த மந்திரத்தை எண்ணினாரோ அது அவருக்கு உபதேசமானது. நீங்களும் உபதேசம் வாங்கின பிறகு, அந்த மாலையை எடுக்கலாமா என்று மடத்திலேயே கேட்டுக்கொண்டு எடுங்கள். அதுவரை பையோடு சாமி அறையில் இருக்கட்டும். விளக்கேற்றும்போது அதற்கும் ஒரு பூ வையுங்கள்.


தேவகோட்டை ஆசிரியர் எழுதியது:

ஆச்சி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கோட்டையூர்க்காரர் சொன்னதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். அவர் ஆதாரமில்லாமல் பேசவில்லை, அதே சமயம் முழுவதையும் சொல்லவும் இல்லை.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடையில் ருத்ராட்சத்துக்கென்று தனியாகக் கேள்வி பதில் வைத்திருக்கிறார். யார் தரிக்கலாம் என்றால், மதுவும் புலாலும் இல்லாத ஆசாரமுடையவர் என்பது அவர் பதில். இதுவரை கோட்டையூர்க்காரர் பக்கம். அதே இடத்தில் எந்தெந்த வேளையில் தரிக்க வேண்டும் என்றும் சொல்கிறார். சந்தியாவந்தனம், சிவமந்திர ஜபம், சிவபூசை, சிவாலய தரிசனம், புராணம் படிப்பது கேட்பது என்று அந்த வரிசை போகிறது. அதாவது, போட்டால் கழற்றவே கூடாது என்பது அங்கே பேச்சே இல்லை. வழிபாட்டு வேளையில் மேலில் இருக்க வேண்டும் என்பதுதான் அழுத்தம்.

குளிக்கும்போது போட்டிருக்கலாமா என்ற கேள்வியும் அதில் உண்டு. போட்டிருக்கலாம், மணியில் பட்டு வடிகிற நீர் கங்கை நீருக்குச் சமம் என்கிறார். தம்பியின் நண்பருக்கு இதைச் சொல்லலாம். எண்ணிக்கையும் இருக்கிறது: கழுத்துக்கு 32, மார்புக்கு 108, புயத்துக்குப் பதினாறு பதினாறு, கைக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு. அப்பச்சி மாலை கழுத்தை ஒட்டிக் கிடப்பதாக இருந்தால் எண்ணிப் பாருங்கள், அநேகமாக 32 இருக்கும்.

இனி உணவு. வடமொழியில் ருத்ராட்ச ஜாபால உபநிடதம் தரிப்பவர் விலக்க வேண்டியவற்றைப் பட்டியல் போடுகிறது. மது, மாமிசம் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயம், முருங்கை, நறுவிலிப் பழம் எல்லாம் அதில் இருக்கின்றன. எழுத்துப்படி போனால் நம் ஊர் மிளகுக் குழம்பும் ஆகாது, முருங்கைக்கீரைப் பொரியலும் ஆகாது. சின்ன வெங்காயமும் பூண்டும் உரிக்காத செட்டிநாட்டு அடுப்படி எங்கே இருக்கிறது? ருத்ராட்சம் போட்ட பெரியவர்கள் எத்தனையோ பேர் அதைச் சாப்பிட்டுத்தான் வாழ்ந்தார்கள். ஆகவே எல்லோருமே விதியில் தம்மால் முடிந்த அளவைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் பேசினால் நல்லது.

தம்பிக்கு என் யோசனை: காலையில் குளித்துத் திருநீறு பூசும்போது போடுங்கள். கறி எடுக்கிற அன்று முழுக்கப் போடாதீர்கள். காலையில் சாமி கும்பிடப் போட்டுக்கொண்டு மதியம் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்காருவது சரியாக வராது. அந்த நாளை அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். மது மட்டும் கூடவே கூடாது, அதற்கு விலக்கு நாள் என்று எதுவும் இல்லை.


கோட்டையூர்க்காரன் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதை மரியாதையோடு கேட்டுக்கொண்டேன். ஆனால் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் ஐயா ருத்ராட்சம் ஏறிய நாளோடு கவிச்சியை விட்டவர். வீட்டில் மற்றவர்களுக்குச் சமைத்தால் அன்று முகப்பிலேயே இலை போட்டுத் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொள்வார். யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த உறுதியைப் பார்த்து வளர்ந்தவன் நான். இன்று ஞாயிறு விலக்கு என்போம், நாளை விருந்துக்கு விலக்கு, அப்புறம் வெளியூரில் விலக்கு. கடைசியில் மாலை வெறும் நகையாகிவிடும். அந்தப் பயத்தில்தான் சொன்னேன். தம்பியைக் குறை சொல்ல இல்லை.


தேவகோட்டை ஆசிரியர் எழுதியது:

உங்கள் பயம் நியாயமானது. உங்கள் ஐயாவைப் போல இருக்க முடிந்தால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மூர்த்தி நாயனார் மதுரை வணிகர். சொக்கருக்குச் சந்தனம் அரைத்துக் கொடுத்தவர், கட்டை கிடைக்காத அன்று தம் முழங்கையையே கல்லில் தேய்த்தவர். அரசு அவரைத் தேடி வந்தபோது திருநீறே அபிஷேகம், ருத்ராட்சமே அணிகலன், சடையே முடி என்றுதான் ஏற்றார். "மும்மையால் உலகாண்ட மூர்த்தி" என்று சுந்தரர் பாடியது அதனால். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்த நாயனாரைத் தெரிந்திருக்க வேண்டும். மாலை போட்ட பிறகு பொய் எடை, பொய்க் கணக்கு ஆகாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்ததை இப்போது யாரும் நினைவுபடுத்துவதில்லை. சாப்பாட்டை மட்டும்தான் எல்லோரும் கேட்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.


குன்றக்குடி பாதயாத்திரை எழுதியது:

நண்பர்கள் இருவரும் ஏன் முரணாகச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. இதில் இரண்டு விதமான மாலைகள் கலந்துபோகின்றன.

தைப்பூசத்துக்கு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறோமே, அதற்குப் போடுவது விரத மாலை. சபரிமலைக்கு ஒரு மண்டலம், 41 நாள், போடுவதும் விரத மாலை. துளசி மணியாக இருந்தாலும் ருத்ராட்சமாக இருந்தாலும், போட்டால் யாத்திரை முடிகிற வரை கழற்றக் கூடாது. தரையில் படுக்கை, கவிச்சி இல்லை, பிரம்மச்சரியம் எல்லாம் அதோடு சேர்ந்தது. யாத்திரை முடிந்ததும் முறைப்படி கழற்றிவிடுவோம். இடையில் கழற்றினால் விரதம் கலைந்தது என்று அர்த்தம். அதுதான் "கழற்றினால் தோஷம்" என்று பேச்சாகிறது.

தம்பிக்கு வந்திருப்பது ஆயுளுக்கும் இருக்கிற மாலை. அதற்கு விரத மாலை விதியைக் கொண்டுவந்து போட்டால் வீட்டில் இருக்கிற ஒருவராலும் பத்து நாள் தாங்க முடியாது. பயந்து பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார்கள். பல வீடுகளில் நடப்பது அதுதான். தீட்சை வாங்கியவர்கள் கழற்றுவதில்லை, அவர்கள் கதை வேறு. மற்றவர்கள் மரியாதையோடு கழற்றி, மரியாதையோடு வைத்து, மறுபடி போட்டுக்கொண்டால் ஒரு தோஷமும் கிடையாது.


புதுவயல் தம்பி எழுதியது:

ஆச்சி, ஆசிரியர் ஐயா, அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. கோட்டையூர் அண்ணன் சொன்னதும் மனதில் பட்டது. மணிகளை எண்ணிப் பார்த்தேன், 32 இருக்கின்றன!

சரி, கழற்றி வைப்பது என்கிறீர்கள். எங்கே, எப்படி வைப்பது? ஆலையில் இருக்கும்போது கேதச் செய்தி வந்தால் என்ன செய்வது? கழிவறைக்குப் போகும்போது? இதெல்லாம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் தினமும் வருகிற விஷயம்.


கோவிலூரான் எழுதியது:

கூச்சப்பட ஒன்றும் இல்லை தம்பி. தினமும் வருகிற விஷயத்தில்தான் முறை தேவை.

கேதம் முன்கூட்டித் தெரிந்து போவதென்றால் சாமி அறையில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து எப்படியும் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவோம். குளித்து, திருநீறு பூசி, போட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று போக நேர்ந்தால் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டுச் சட்டையின் மேல் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கால்சட்டைப் பையில் வேண்டாம், உட்காரும்போது அது இடுப்புக்குக் கீழே போய்விடும். வீட்டுக்கு வந்ததும் மாலையையும் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். கழற்ற மறந்து போட்டபடியே போய்விட்டாலும் பதற வேண்டாம், வந்து குளித்தால் போதும். சிவனடியார் காலமானால் அவர் மேனிக்கே திருநீறும் ருத்ராட்சமும் சாத்தித்தானே அனுப்புகிறோம். சாவைப் பார்த்து ருத்ராட்சம் கெட்டுப்போகும் என்றால் அப்படிச் சாத்துவோமா? நாம் கழற்றுவது நம் ஆசாரத்துக்காக.

கழிவறைக்கு: வீட்டில் என்றால் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். வெளியில் என்றால் சட்டைக்கு உள்ளே விட்டுக்கொண்டால் போதும். அங்கேயே கதவுக் கொக்கியில் தொங்கவிடுவதும், கை கழுவுகிற தொட்டி விளிம்பில் வைப்பதும்தான் தவறு. மறந்து வந்துவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

இரவு படுக்கும்போது இல்லறத்தில் இருப்பவர்கள் கழற்றி வைத்துவிடுவது நல்லது. தூக்கத்தில் புரண்டு நூல் அறுவதும் குறையும்.

வைக்கிற இடம் தரையாக இருக்கக் கூடாது, கட்டில் கால்மாட்டில் இருக்கக் கூடாது, கழற்றிய சட்டையோடு ஆணியில் மாட்டக் கூடாது. ஒரு சிறிய வெள்ளி அல்லது பித்தளைத் தட்டு, அதில் கொஞ்சம் திருநீறு, அதன் மேல் மாலை. இடத்தை மாற்றாமல் ஒரே இடத்தில் வைத்துப் பழகுங்கள். தவறிக் கால் பட்டுவிட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைப் பாருங்கள், பரிகாரம் தேடிப் போக வேண்டாம்.


கானாடுகாத்தான் மருமகள் எழுதியது:

இங்கே ஆண்களுக்குத்தான் பதில் வருகிறது, எனக்கும் ஒரு கேள்வி. நான் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். சின்ன வயதிலிருந்து ஒரே ஒரு ஐந்து முக மணியைக் கயிற்றில் போட்டிருக்கிறேன். இங்கே வந்த பிறகு, கல்யாணமான பெண்கள் ருத்ராட்சம் போடக் கூடாது, அது துறவிகளுக்கு உரியது என்று உறவில் ஒருவர் சபையில் வைத்துச் சொன்னார். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள் ஆச்சி.


பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

மகளே, கழற்றாதே. துலாவூர் மடம் பெண்களுக்கென்றே உபதேசம் கொடுக்கிற மடம். உபதேசம் வாங்கின எத்தனையோ ஆச்சிமார் நெற்றி நிறையத் திருநீறும் கையில் ருத்ராட்சமுமாக வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்கார்ந்து ஜபம் செய்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அவர்கள் கழுத்தில் திருமாங்கல்யமும் இருந்தது, பேரன் பேத்தியும் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். துறவிக்கு மட்டும் என்றால் கௌரிசங்கத்தைச் சாந்திக் கல்யாணத்தில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஏன் போடுகிறார்கள்? சபையில் சொன்னவருக்கு இதைச் சபையில் சொல்ல வேண்டாம், தனியாக அமைதியாகச் சொல்.

மாதவிலக்கு நாட்களில் நான் கழற்றி வைத்து, தலைக்குக் குளித்த பிறகு போட்டுக்கொண்டவள். அது எனக்கு என் ஆத்தா சொன்ன வழி. என் மகள் கழற்றுவதில்லை. உடம்பு இயல்பாகச் செய்கிற காரியத்துக்கு நான் ஏன் சுவாமியை விட்டு விலக வேண்டும் என்று கேட்கிறாள். அவள் பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை, அதனால் நான் வற்புறுத்தவில்லை. உனக்கு எது மனதுக்கு நிம்மதியோ அதைச் செய். ஒன்றே ஒன்று, தாலிச் சரட்டோடு சேர்த்து முடியாதே. தனிக் கயிற்றில் போடு. கழற்ற வேண்டிய நேரத்தில் தாலியையும் கழற்றும்படி ஆகிவிடக் கூடாது.


காரைக்குடி பூண்வேலை எழுதியது:

நான் தலைமுறையாக ருத்ராட்சத்துக்குப் பூண் கட்டிக் கோர்க்கிற குடும்பம். முறை பற்றி ஆச்சியும் ஆசிரியரும் சொல்லிவிட்டார்கள். மணியைப் பேணுவது பற்றி நான் சொல்கிறேன். இதுவும் மரியாதையில் சேர்ந்ததுதான். நாளும் நல்ல நேரமும் பார்த்துப் போட்ட மாலையை எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்குமாக எங்களிடம் கொண்டுவந்து போடுகிறவர்களைப் பார்த்தால் மனது வலிக்கும்.

தம்பி ஆலையில் இருப்பதால் தவிடுதான் முதல் எதிரி. ருத்ராட்சத்தின் பள்ளங்களில் தவிடு போய் உட்கார்ந்து, வியர்வையோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். வாரம் ஒரு முறை வெறும் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, மெத்தென்ற பல் துலக்கும் பிரஷால் முகக் கோட்டின் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் முள் உடையும். சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம். அவை மணியில் இருக்கிற எண்ணெயை எடுத்துவிடும், எண்ணெய் போனால் மணி வறண்டு வெடிக்கும். குளிக்கும்போது போட்டிருக்கலாம் என்றார் ஆசிரியர். சரிதான், சோப்புப் போடும்போது மட்டும் கழற்றிவிட்டு, வெறும் தண்ணீர் ஊற்றும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

அலசிய பிறகு நிழலில் காயவிடுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் தட்டோடு மொட்டை மாடியில் வைத்துவிடாதீர்கள், ஒரே நாளில் கோட்டோடு கோடாகப் பிளந்துவிடும். காய்ந்ததும் செக்கு நல்லெண்ணெயை ஒரு சொட்டு விரலில் தொட்டு ஒவ்வொரு மணியாகத் தடவி, இரவு முழுக்க விட்டு, காலையில் பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். மாதம் ஒரு முறை போதும். மணி நாளாக நாளாகக் கறுக்கும், அது குறையில்லை, மணி மேலில் பழகியதற்கு அடையாளம். பாலில் அபிஷேகம் செய்தால் உடனே தண்ணீர் விட்டு அலசுங்கள். பள்ளத்தில் பால் தங்கினால் நாறும், எறும்பும் வரும்.

கோர்ப்பது பற்றி. மணியின் துளை முனைகளில் ஒன்றை முகம் என்போம், மற்றதை அடி என்போம். முகத்தோடு முகமும் அடியோடு அடியும் சேர்கிற மாதிரிக் கோர்ப்பது பழைய முறை. இரண்டு மணிக்கு இடையில் ஒரு முடிச்சு. முடிச்சு இருந்தால் மணியும் மணியும் உரசாது, நூல் அறுந்தாலும் எல்லா மணியும் சிதறாது. அப்பச்சி மாலையில் அந்த முடிச்சு இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று கவனமாகக் கேளுங்கள். ஆலையில் பெல்ட்டும் புல்லியும் ஓடும். மார்பு வரை தொங்குகிற மாலையை அங்கே போடவே கூடாது. கழுத்தை ஒட்டியது என்றாலும் பனியனுக்கு உள்ளே இருக்க வேண்டும். வெள்ளிக் கம்பியில் கட்டலாமா என்று பலர் கேட்பார்கள், எந்திரத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு நான் நூலில்தான் கட்டுவேன். சிக்கினால் நூல் அறுந்துவிடும், கம்பி அறாமல் கழுத்தை இழுத்துக்கொண்டு போகும். எந்திரத்துக்குப் பக்கத்தில் போகிற வேலை என்றால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.


சிங்கப்பூர் பேரன் எழுதியது:

பூண் கட்டிய மாலையோடு விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். சோதனை வரிசையில் நின்றபின் கழற்றச் சொன்னால், பெல்ட்டும் செருப்பும் போகிற அதே தட்டில் வைக்க வேண்டியதாகிவிடும். வரிசைக்கு முன்னாலேயே கழற்றித் துணிப்பையில் போட்டுக் கைப்பையின் உள்ளறையில் வைத்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் அப்படித்தான். உலோகம் உள்ள எதையும் உள்ளே போட்டுக்கொண்டு போக விடமாட்டார்கள்.


நாட்டரசன்கோட்டை வாசகி எழுதியது:

காசிக்குப் போனபோது நகரச் சத்திரத்தில் தங்கியிருந்தோம். 1863ல் நம்மவர்கள் கட்டிய சத்திரம், அங்கிருந்து தினமும் விசுவநாதருக்குப் பூசைப் பொருள் போகிற சம்போ ஊர்வலத்தைப் பார்த்தது பெரிய பாக்கியம். வெளியே வந்தால் தெருவில் ஒருவர் ஏகமுக ருத்ராட்சம் என்று உருண்டையான மணி ஒன்றைக் காட்டி, தண்ணீரில் போட்டு மூழ்க வைத்துக் காட்டி, பெரிய விலை சொன்னார். வாங்கவில்லை. ஊருக்கு வந்ததிலிருந்து வாங்கியிருக்கலாமோ என்று இருக்கிறது. பூண்வேலை ஐயா சொல்ல முடியுமா?


காரைக்குடி பூண்வேலை எழுதியது:

வாங்காமல் விட்டது நல்லது அம்மா. உருண்டையான ஒருமுகம் என்று தெருவில் வருவதில் செதுக்கியதும் ஒட்டியதும்தான் அதிகம். ஐந்து முகத்தின் மற்றக் கோடுகளைப் பிசின் வைத்து அடைத்துவிடுவார்கள். பிறை மாதிரி வளைந்த ஒருமுகம் வேறு மரத்து விதை. தண்ணீரில் மூழ்குவது, செப்புக் காசுக்கு நடுவில் சுழலுவது இதெல்லாம் சோதனையே இல்லை. காய்ந்த நல்ல மணி மிதக்கும், ஈயம் வைத்த போலி மூழ்கும்.

ருத்ராட்ச மரம் நேபாளத்திலும் ஜாவாவிலும் நிறைய இருக்கிறது. பழம் நீல நிறம், சதையை எடுத்தால் உள்ளே இருக்கிற கொட்டைதான் மணி. வெளியே எத்தனை முகமோ அதற்கு ஏற்ப உள்ளே அறைகள் இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் அறை தெரிந்துவிடும். அபூர்வ முகம் என்று விலை கொடுக்கப் போகிறவர்கள் அதைச் செய்துவிட்டு வாங்கட்டும். வழிபாட்டுக்குத் தாராளமாகக் கிடைக்கிற ஐந்து முகமே நிறைவானது. கௌரிசங்கத்துக்கும் நாங்கள் அதைத்தான் அதிகம் கட்டுகிறோம்.


புதுவயல் தம்பி எழுதியது:

இவ்வளவு அக்கறையாக எழுதிய எல்லோருக்கும் மறுபடி நன்றி. ஆத்தாளிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பெரியப்பாவிடம் கௌரிசங்கம் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, போட்டுக்கொள் என்றார்.

நான் முடிவு செய்திருப்பது இது. காலையில் குளித்துப் போட்டுக்கொண்டு சாமி கும்பிட்டுவிட்டு, ஆலைக்குக் கிளம்பும்போது கழற்றித் தட்டில் வைத்துவிடுவேன். சாயங்காலம் வந்து குளித்ததும் மறுபடி போட்டு, படுக்கும் வரை. கறி நாளில் இல்லை. கோட்டையூர் அண்ணனுக்காகவும் ஒன்று சொல்கிறேன், கார்த்திகை மாதம் முழுக்கக் கவிச்சி இல்லாமல் இருந்து பார்க்கப் போகிறேன். அதற்கு மேல் போக முடிகிறதா என்று அப்புறம் பார்க்கலாம்.

பூண்வேலை ஐயா, மாலையில் முடிச்சு இருக்கிறது, ஆனால் இரண்டு மணிகளில் மெல்லிய கீறல் தெரிகிறது. அவற்றை மாற்ற வேண்டுமா? பழைய நூலை என்ன செய்வது?


கோட்டையூர்க்காரன் எழுதியது:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. கார்த்திகை சோமவாரத்துக்குக் கோயிலுக்கு வரும்போது சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.


காரைக்குடி பூண்வேலை எழுதியது:

மேலோட்டமான கீறல் என்றால் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டால் போதும், மாற்ற வேண்டாம். துளை வரை வெடிப்பு ஓடியிருந்தால் மட்டும் மாற்ற வேண்டும். அப்படி எடுக்கிற மணியைக் குப்பையில் போடாமல் வில்வ மரத்தடியில் புதைத்துவிடுங்கள், பழைய பருத்தி நூலையும் அதோடு சேர்த்துவிடலாம். நைலான் நூலாக இருந்தால் மண்ணிலும் குளத்திலும் போட வேண்டாம். புது நூலுக்குச் சிவப்புப் பட்டு இழையே நல்லது. அதையும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். கோர்க்க யாரிடம் கொடுத்தாலும் மணிகளை எண்ணிக் கொடுத்து, கோர்த்து முடித்ததும் எதிரிலேயே எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.